பைபாஸ் வந்தால் ஊர் வளருமாம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் நான்குவழிச் சாலையைப் பற்றி டீக்கடையிலும் கட்சி மேடையிலும் ஒரே பூரிப்பு. ரோடு வந்தால் ஓரமெல்லாம் கடை வரும், மனை விலை ஏறும், ஊர் வளரும் என்கிறார்கள். ரோடு வரட்டும். ஓரம் நிரம்புவதை வளர்ச்சி என்று கொண்டாடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

புறவழிச்சாலை எதற்கு? ஊரில் வேலையில்லாத வண்டி ஊருக்குள் நுழையாமல் போவதற்கு. அதன் ஓரத்தில் கல்யாண மண்டபமும் கார் ஷோரூமும் பிரியாணிக் கடையும் ஆளுக்கொரு வாசல் திறந்துகொண்டால் வண்டிகள் நினைத்த இடத்தில் நிற்கும், திரும்பும், எதிர்த்திசையிலும் வரும். சில ஆண்டுகளில் அதுவும் கடைத்தெருவாகிவிடும்; அப்புறம் அதற்கொரு பைபாஸ் கேட்டு மனு. பிரிட்டன் இந்தத் தொல்லைக்காகவே 1935இல் சட்டம் போட்டது. நம் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் அமைப்பும், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு வேண்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டது.

"அது மத்திய அரசு ரோடு, நாம் என்ன செய்ய முடியும்?" என்பது நல்ல சாக்கு. ரோடு போடுவது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஓரத்து வயல் வயலாக இருப்பதா, மனையாவதா என்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி மாநில அரசின் கையில் இருக்கிறது.

நெரிசலாவது பொழுதைத்தான் தின்னும். கடலூர் மாவட்டத்தில் பெரிய பயம் தண்ணீர். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் அதைக் கடந்துதான் கடலுக்குப் போகவேண்டும். ஆற்றுக்குப் பெரிய பாலம் கட்டிவிடுகிறார்கள். வயல் வடிகாலுக்கு இருப்பது சிறுபாலம் மட்டுமே. அதன் வாயிலேயே மண்ணைக் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, கொடி கட்டி மனை விற்றால், உயர்த்திப் போட்ட சாலை ஏரிக்கரையாகிவிடும். மேற்கே இருக்கும் ஊர் ஏரியாகிவிடும். 2015 நவம்பரிலும், சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்த 2024 டிசம்பரிலும் மூழ்கிக் கிடந்த மாவட்டம் இது. யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை.

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்கள் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். மீத்தேன் கிணறு தோண்டத் தடை, தாமிர ஆலைக்குத் தடை. தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. டெல்டாவின் நஞ்சையை எண்ணெய்க் கம்பெனிதான் தின்னும் என்று நினைத்துவிட்டார்கள் போலும்!

வயலை மனையாக்கும் ஆசைக்கு அரசே தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் விதி வந்தது: 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். ஏமாந்து வாங்கிய ஏழைக்கு அது தேவைதான். ஆனால் முதலில் விற்றுவிடு, அப்ரூவல் தானாக வரும் என்று தரகர் படித்துக்கொண்டாரே!

விவசாயி பிழைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஏக்கர் கணக்கில் விற்றவரைவிட, அதைச் சதுர அடியாக வெட்டி விற்றவருக்குத்தான் லாபம் அதிகம். வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு எஞ்சுவது வடியாத தண்ணீர். சாலையோரத்தில் கடையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சந்திப்புகளில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி, வடிகாலை விட்டுவிட்டு இடம் ஒதுக்கலாம். அந்த 40 மீட்டர் கட்டடக் கோட்டுக்குள் வரும் சர்வே எண்களை ஊராட்சி வாரியாக அச்சிட்டு, பத்திரப்பதிவு அலுவலகச் சுவரில் ஒட்டலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்குகிறவர் படித்துக்கொள்வார்.