கேடட் எந்தக் கணக்கில் வருவான்?

அத்திப்பட்டு ஸ்டேஷனில் காலையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிப் பாருங்கள். தோளில் பையும் அதற்குள் டிபன் பாக்ஸுமாக ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் நிற்பார்கள். கம்பெனிகளில் அப்ரண்டிஸ். வேலை நிரந்தரமில்லை. கைக்கு வருவதும் சம்பளமில்லை, உதவித்தொகைதான். ஆனாலும் பயிற்சியின்போது மெஷினில் விரல் போனால் நஷ்டஈடு உண்டு. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், 16-வது பிரிவு. 'இவன் தொழிலாளியே இல்லையே' என்று முதலாளி கைகழுவ முடியாது.

இதே வயசுப் பையன் ஒருத்தன் புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வாகிறான் என்று வையுங்கள். பதினாறரை வயசிலேயே சேரலாம். தெருவே கொண்டாடும். அங்கே மூணு வருஷம். விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடுவாங்க. டிரில், குதிரையேற்றம், நீச்சல், பாக்ஸிங். ராணுவ அதிகாரியை உருவாக்குகிற இடம், கடுமையாகத்தான் இருக்கும். அதில் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் இரண்டு காகிதங்களைப் பற்றி. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டியவை. யூ.பி.எஸ்.சி. தேர்வு அறிவிப்பின் பின்னிணைப்பிலேயே இருக்கின்றன. ஒன்று பாண்டு: பையன் தானாக விட்டுவிட்டு வந்தால் செலவுத் தொகையைத் திருப்பிக் கட்டணும். இன்னொன்று சான்று: பயிற்சியில் அவனுக்கு அடிபட்டால் அரசிடம் நஷ்டஈடோ நிவாரணமோ கேட்க உரிமையில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பி.காம். படித்தவன். பற்று எழுதினால் எதிரே வரவு எழுதணும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இது என்ன கணக்கு சார்? பையன் ஓடி வந்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம், வசூல் பண்ணுவார்கள். பையன் முதுகெலும்பு முறிந்து வந்தால் நஷ்டம் அப்பாவுக்கு!

1985 முதல் இப்படி மருத்துவக் காரணத்தால் ராணுவப் பயிற்சி நிலையங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 500 பேர். 2025 ஆகஸ்டில் பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தபோது வெளியே வந்த கணக்கு இது. அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது ஊனத்தின் அளவைப் பொறுத்து மாதம் அதிகபட்சம் 40,000 ரூபாய். அதற்குப் பெயர் கருணைத் தொகை. பதவி ஏற்காததால் 'முன்னாள் படைவீரர்' கணக்கில் வரமாட்டார்களாம். கோர்ட் கேட்ட பிறகு, அதே மாதக் கடைசியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. நல்லது. அதற்கு 40 வருஷமும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்கிறது.

'பதவியே ஏற்காதவனுக்கு ராணுவ ஓய்வூதியமா?' என்று கேட்பார்கள். பதவி ஏற்கிற முதல் நாளுக்காகத்தானே அவன் அத்தனை நாள் ஓடினான்? குதிரையிலிருந்து அவன் விழுந்தது அரசு உத்தரவுப்படி ஏறியதால்தானே? படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவன் விழுந்தால், மாடிக்கு வராதவன் என்று கதவைச் சாத்துவதா?

கருணையெல்லாம் வேண்டாம். பயிற்சியில் ஊனமான கேடட்டுக்கு அதிகாரிக்குரிய ஊன ஓய்வூதியத்தை உரிமையாகக் கொடுங்கள். அந்த இரண்டாவது காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி முதலாளிக்குச் சட்டம் போட்டுச் சொன்ன நியாயத்தை, அரசாங்கம் தனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டால் போதும்.