வாளுக்குப் பிடி, ஊருக்கு மழு

வாளின் கைப்பிடியைப் 'பிடி' என்கிறோம். பிடி என்றால் பெண் யானை. அந்தக் காலத்து வாள்பிடியில் யானைத் தலை செதுக்கியதால் அந்தப் பெயர் என்று கைபேசியில் ஒரு விளக்கம் வந்தது. அனுப்பியவர் படித்தவர்தான்.

அப்படியானால் அரிவாள் பிடியில் எந்த யானை இருக்கிறது? அருவாமனையைச் செய்த கொல்லர் யானையைக் கண்டாரா? பிடிப்பது பிடி. வினைச்சொல்லே பெயராக நிற்கிறது. அடி, உதை மாதிரி. ஒரு பிடி அரிசி, பிடி கொழுக்கட்டை எல்லாம் இந்தக் குடும்பம். களிற்றின் துணையான பிடி வேறு சொல். ஒலி ஒன்றானால் உறவும் ஒன்றாகிவிடாது.

இதே கூத்துதான் எங்கள் திருமழபாடியிலும் நடக்கிறது. மார்க்கண்டேயருக்காகச் சிவபெருமான் மழு ஏந்தி ஆடினார், 'மழுவாடி' மழபாடி ஆயிற்று என்கிறார்கள். தலபுராணமாக நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஊர்ப்பெயர் வரலாறாக ஏற்க மாட்டேன். மழுவின் உகரம் ஏன் அகரமானது? வகரம் எப்படிப் பகரமானது? பதில் இல்லை.

மழவர் சங்கப் பாடல்களில் வரும் வீரர் கூட்டம். கொள்ளிடத்தின் வடகரை மழநாடு. ஆனாய நாயனாரின் மங்கலத்தை மேல்மழநாட்டில் வைக்கிறார் சேக்கிழார். பாடி என்றால் படை தங்கும் இடம், குடியிருப்பு. மழவர் பாடி மழபாடி. எந்த எழுத்தையும் வளைக்க வேண்டியதில்லை.

"கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பார்கள். கதை இருக்கட்டும். ஆனால் அது மழவரை அல்லவா அழிக்கிறது? ஒரு கூட்டத்தார் இங்கே வாழ்ந்ததற்கு ஊரிலேயே மிஞ்சிய சாட்சி இந்தப் பெயர்தான். அதையும் விட்டால் பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

இந்தக் கோயில் சுவரே நமக்குப் பாடம். இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னபோது, பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னான். இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை மறுபடி கல்லில் ஏறின. கல்லைப் பிரிப்பதற்கே அத்தனை கவனம்! சொல்லைப் பிரிப்பவர்களுக்கு அதில் பாதியாவது வேண்டாமா?

இன்னொன்று. வாளுக்குத்தான் பிடி. மழுவுக்கும் கோடரிக்கும் காம்பு. சொந்த மரத்தையே வெட்ட உதவுபவனைக் கோடரிக்காம்பு என்பார்கள். தமிழை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு பொய் வேர் கட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.