நீதிபதி வீட்டில் நம் வக்கீலா?

தோழர்களே! கட்டணத்தை உயர்த்த வேண்டுமென்று பெஸ்காம் மனுப் போடும்போது, அதன் பக்கம் அதிகாரிகளும் வக்கீல்களும் கணக்கர்களும் வரிசையாக நிற்கிறார்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்தும் நமக்காக நிற்பவர் யார்?

1999-ல் பிறந்த கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம், நுகர்வோர் சார்பு அலுவலகம் ஒன்றைத் தனக்குள்ளேயே ஏற்படுத்தியது. நல்லதுதான். ஆனால் தீர்ப்புச் சொல்பவரின் கீழ் இருக்கும் வக்கீல், அதே தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வாரா?

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம், 94(3) பிரிவில், நுகர்வோர் சார்பில் பேச ஆணையம் ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. 'நியமிக்கலாம்'தான், 'நியமிக்க வேண்டும்' அல்ல. அந்த ஒரு சொல்லில் நம் உரிமை ஊசலாடுகிறது!

2023-ல் கிருகஜோதி வந்துவிட்டது, 200 யூனிட் வரை இலவசம், நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். 200-ஐத் தாண்டிய மாதம் முழுப் பில்லும் நம் தலையில்தான். சலுகை அரசின் தயவு. கட்டண விகிதம் ஆணையத்தின் உத்தரவு. தயவு போனாலும் உத்தரவு நிற்கும்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1974-ல் மக்கள் வக்கீல் துறை அமைத்தது. 1994-ல் அதைக் கலைத்தது. பெயரளவு போதாது, பாதுகாப்பும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது: தனிச் சட்டம், சட்டசபை ஒதுக்கும் தனி நிதி, நிலையான பதவிக்காலம், மேல்முறையீட்டு உரிமை.

கன்னட உழைப்பாளிக்கும் தமிழ் உழைப்பாளிக்கும் கட்டணம் ஒன்றே. கோரிக்கையும் ஒன்றாகட்டும்! அடுத்த விசாரணைக்கு மனுவோடு திரள்வோம்!