கௌரவ மலர்களும் மலர்ச் சாகுபடியாளர் நன்மையும்

பெரியோரைக் காணச் செல்வோர் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். ஓர் எலுமிச்சம்பழமேனும் கையிற் கொண்டு செல்வது மரியாதையெனக் கருதப்பட்டது. வர்த்தக உலகத்திலும் இதனையொத்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஒரு கம்பெனி புதிய கிளை திறக்குங்காலும், ஒருவர் உயர்பதவி எய்துங்காலும், அதனோடு கொடுக்கல் வாங்கல் உடையோர் மலர்ச்செண்டோ பூத்த தொட்டியோ அனுப்பி நட்பைப் புதுப்பித்துக்கொள்கின்றனர். மலரை அடகு வைத்தலும், மறுபடி விற்றலும், பெட்டியிற் பூட்டி வைத்தலும் இயலா. ஆதலின் பொன்னும் பட்டும் உண்டாக்கும் ஐயத்தை மலர் உண்டாக்குவதில்லை. வர்த்தகர் இதனை விரும்புவதற்கு முக்கிய காரணம் இதுவே.

இவ்வழக்கம் மிகச் செழித்த நாடுகள் ஜப்பானும் தென் கொரியாவுமாகும். ஜப்பானில் கம்பெனிகளின் திறப்பு விழாவிற்கும் தலைவர் பதவியேற்பிற்கும் பட்டாம்பூச்சி ஆர்க்கிட் எனப்படும் செடியைத் தொட்டியுடன் அனுப்புவர். அதன் மலர்கள் வாரக்கணக்கில் வாடாதிருத்தலால், அனுப்பினோர் பெயரும் அத்தனை நாள் பார்வையில் நிற்கும். தென் கொரியாவிலோ பதவி உயர்வு பெற்றவருக்கு ஆர்க்கிட் தொட்டி அனுப்புதல் தவறாத சம்பிரதாயமாயிருந்தது. அந்நாட்டு மலர்ச் சாகுபடியின் பெரும்பகுதி வீட்டு உபயோகத்தை நம்பாமல் இத்தகைய வெகுமதிகளையும் விழாக்களையுமே நம்பி வளர்ந்தது. அதன் விளைவு மலர் பயிரிடுவோர் அனைவரும் கருதத்தக்கதாகும்.

வெகுமதியின் பெயரால் அதிகாரிகளிடம் சலுகை நாடும் கேடு பெருகியமையால், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியாயிருந்த கிம் யங்-ரான் என்பவர், பின்னர் ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, 2012-ஆம் ஆண்டில் ஒரு சட்ட யோசனையை வெளியிட்டார். அது 2015-இல் நிறைவேறி, 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அரசாங்க ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோர் ஏற்கத்தக்க பரிசுப் பொருளின் மதிப்பு 50,000 வான் என வரையறுக்கப்பட்டது. அந்நாளைய மாற்று விகிதப்படி இது ஏறக்குறைய 3,000 ரூபாய். வரம்பிற்குட்பட்ட மலரைச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் வீண் பழி வருமோ என்று அஞ்சிப் பலர் மலரையே ஏற்க மறுத்தனர். வியாபாரம் சுருங்கியது, சாகுபடியாளர் பெரிதும் வருந்தினர்.

அவர்கள் முறையீட்டில் நியாயமில்லாமலில்லை. ஆர்க்கிட் செடி நெல்லைப்போல ஒரு போகத்தில் பலன் தருவதன்று. நாற்றிலிருந்து பூப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். சட்டம் வருவதற்கு முன் முதலிட்டு வளர்த்த செடியை இடையில் வேறு பயிராக மாற்ற வழியில்லை. கையூட்டுப் பெற்றவர் செய்த பிழைக்குக் கண்ணாடிக் கொட்டகையில் உழைத்தவர் தண்டம் செலுத்துவதா என்று அவர்கள் வினவினர். அரசாங்கமும் இரங்கி, 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் விவசாய விளைபொருள்களுக்கு மட்டும் வரம்பை 100,000 வானாகவும், 2023-இல் 150,000 வானாகவும் உயர்த்தியது.

எனினும், வரம்பை உயர்த்துவதொன்றே மருந்தென்று கொள்ளுதல் தவறு. கொடுப்பவரும் பெறுபவரும் சமநிலையிலுள்ள வர்த்தகராயின், மலர் நட்பின் அடையாளம். பெறுபவர் கையில் உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் இருக்குமாயின், அதே மலர் விலையேற விலையேறக் கையூட்டின் சாயலைப் பெறுகிறது. அந்தச் சாயலின்மேல் கட்டிய சந்தை, ஒரு சட்டத்தினாலோ ஒரு சுற்றறிக்கையினாலோ ஒரே நாளில் சரியக்கூடும். அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அரசு நிகழ்ச்சிகளில் மலர்ச்செண்டும் மாலையும் சால்வையும் வழங்கலாகாது, வேண்டுமாயின் கன்னட நூல்களை வழங்கலாம் என்று உத்தரவு பிறந்தது. ஓசூர்ப் பகுதியில் ரோஜா பயிரிடுவோருக்குப் பெங்களூர் அருகிலுள்ள பெரிய சந்தையாதலால், இவ்வகை உத்தரவு அவர்களுக்கு அயலூர்ச் செய்தியன்று.

ஆகவே மலர் பயிரிடுவோர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஆடம்பரப் பரிசொன்றையே நம்பாது, வீடுகளிலும் கடைகளிலும் நாள்தோறும் வாங்கக்கூடிய விலையில் மலரைத் தருதல். தென் கொரியாவிலும் மேசைக்கு ஒரு மலர் என்னும் இயக்கம் இந்நோக்கத்துடனேயே நடத்தப்பட்டது. இரண்டாவது, வர்த்தக நிலையங்களுக்கு விற்கும் மலரைத் தண்டின் நீளமும் மொட்டின் பருவமும் பார்த்துத் தரம் பிரித்து, அதிகாலையில் அறுத்து, உடனே நீரிலிட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்து, குறித்த வேளையில் சேர்ப்பித்தல். பரிசு மலர் ஒருநாள் தாமதித்தால் அதன் விலை முழுதும் போயிற்று. மறுநாளே வாடினால் அனுப்பியவர் மதிப்பும் உடன் வாடும். மூன்றாவது, தனித்தனியே விலை பேசாது கூடி நின்று, பல நிலையங்களோடு ஆண்டு முழுமைக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ளுதல். ஒரு பண்டிகையின் விலையேற்றத்தைக் காட்டிலும் பன்னிரண்டு மாதத்து நிதான விலையே கடனை அடைக்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பாடமுண்டு. காரியம் நிறைவேறுமுன் வரும் மாலையைப் பணிவுடன் மறுத்துவிடுதல் அவர்க்குக் கௌரவம். பயிரிடுவோர்க்கும் அதனால் நஷ்டமில்லை. அதிகாரியின் மேசைக்குச் செல்லும் நூறு ரூபாய்ச் செண்டைவிட, நூறு வீடுகளுக்குச் செல்லும் ஒரு முழப் பூவே குடியானவர் குடும்பத்தை நிலைநிறுத்தும்.