நாலு மைக்குக்கு ஒரு பெட்டி

பெரியப்பாவுக்கு 76 வயது. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆர்மோனியக்காரர் 5 கட்டையைப் பிடித்ததும் ‘வள்ளி திருமண’த்திலிருந்து ஒரு பாட்டை எடுப்பார். கொட்டகையில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி பாடிப் பழகிய தொண்டை, இந்த வயதிலும் சுருதியை விட்டு இறங்க மறுக்கிறது. அவருக்குத் தெரிந்த நாடகப் பாட்டுகளையெல்லாம் பதிவு செய்து வைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவெடுத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்றுவரை ஒரு பாட்டுகூட உருப்படியாகப் பதிவாகவில்லை. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு சின்னப் பெட்டியில் போய் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். நம் பக்கத்தில் எல்லோரும் சவுண்ட் கார்டு என்றுதான் சொல்கிறோம். மைக்கிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்குள் அனுப்ப வேண்டும். கண்டென்சர் மைக்காக இருந்தால் அதற்கு 48 வோல்ட் பேன்டம் பவரையும் அதுவே கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அதனிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் தேவையைச் சொல்கிறேன். பெரியப்பா குரலுக்கு ஒரு மைக், ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு. மிருதங்கத்துக்கு ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் ஒரு தடவை வைத்துப் பார்க்கட்டும். வலந்தலைப் பக்கம் வைத்தால் சாப்பு கணீரென்று விழுகிறது, இடப்பக்கத் தொப்பியின் கும்கி காணாமல் போகிறது. தொப்பிப் பக்கம் வைத்தால் வெறும் கும்மென்ற சத்தம். நடுவில் வைத்தால் இரண்டும் அரைகுறை. ஆக மொத்தம் நாலு மைக்.

இந்த நாலுக்கு விடை சொல்ல ஆளில்லை. எந்த வீடியோவைப் போட்டாலும் ஒருவர் மடியில் கிதாரை வைத்துக்கொண்டு ஒரே மைக்கில் பாடிக் காட்டுகிறார். தமிழில் பேசுகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற பெட்டியில் மைக் வாய் ஒன்று, அதன் அண்ணனான 2ஐ2-இல் இரண்டு. தனியாகப் பாடி வாசிக்கிறவருக்கு அவை போதும். ஆர்மோனியமும் மிருதங்கமும் உட்காரும் வீட்டுக்கு எது சரி? நாடகப் பாட்டும் தேவாரமும் பஜனையும் பாடுகிற வீடுகள் இத்தனை இருக்கிற நாட்டில் இந்தக் கேள்வியை ஒருவரும் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு மனசு ஆறவே இல்லை.

நேரு வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். “ஆர்டர் போட்டா வரும் சார். எந்த மாடல்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். மாடல் தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போய் நிற்கிறேன்? சென்னைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் ஈசிஆரில் 150 கிலோமீட்டருக்கு மேல். போனாலும் எங்கள் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்துப் பார்க்க இடம் கொடுப்பார்களா?

கடைசியில் இணையத்தில் “4 இன்புட்” என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் முன்னால் இரண்டு மைக் வாய், பின்னால் இரண்டு லைன் வாய். லைன் வாய் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஆனது. மைக்கின் சிக்னல் அதைவிடப் பல மடங்கு சன்னம்; அங்கே நேராகச் செருகினால் ஏறத்தாழ ஒன்றும் கேட்காது. விற்றவருக்குப் போன் செய்தேன். “நாலு இன்புட்னுதான் சார் போட்டிருக்கோம், நாலு மைக்னு போடலையே” என்றார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாதாம். பிரிக்காமல் எப்படித் தெரியும்?

அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது இன்னொன்று: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். 76 வயதில் இன்னும் குறைவு. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே அந்த எல்லை தாராளமாக அடங்கிவிடும். அதில் நாலு டிராக் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி. 192-இல் வைத்தால் 8 ஜிபிக்கு மேல் போகும். தேவையில்லாத எண்ணை இவ்வளவு பெரிதாக அச்சடிக்க இடமிருக்கிறது, மைக் வாய் எத்தனை என்று எழுத இடமில்லை.

சரி, இரண்டு மைக்கை வைத்தாவது தொடங்குவோம் என்று உட்கார்ந்தோம். ஹம் அடித்தது. எங்கள் வீடு பழைய வீடு, முன்னறை பிளக்கில் எர்த் சரியில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நிற்கிறது, மாட்டினால் வருகிறது. கரண்டின் ஹம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். நாலாவது மடங்கு 200. ஆர்மோனியத்தின் 5 கட்டை ஏறத்தாழ 196. இரண்டும் உரசி நொடிக்கு நாலு தடவை அலை அடிக்கிறது. பெரியப்பா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “யாருப்பா அது, கூட ஒருத்தன் சுருதி சேராம நிக்கறான்?” என்று கேட்டார். அந்தக் காது எத்தனை சரி! எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்ட பிறகுதான் நின்றது. பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்து வேறு பெட்டி வாங்குகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

அடுத்தது டிலே. கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மிருதங்கம் வாசித்தால் கை தடுமாறுகிறது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்து வைக்கிற பஃபர் 512 சாம்பிள் என்றிருந்தால் போய்வர 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். வாசிக்கிறவர் தன் மிருதங்கத்தை ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். காலப்பிரமாணம் எப்படி நிற்கும்? டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. கடற்கரை வீட்டில் உப்புக்காற்று அதற்குள் ஒரு கேபிளின் பின்னைக் கறுக்க வைத்துவிட்டது.

எங்கள் புதுச்சேரி, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று கண்மூடிய ஊர். கருவடிக்குப்பத்தில் அவர் அடக்கமான இடத்துக்கு நாடகக்காரர்கள் வருஷந்தோறும் வருகிறார்கள். கால் நன்றாக இருந்தவரை பெரியப்பாவும் போய்வந்தார். 1908 முதல் 1918 வரை பாரதி இங்கே இருந்தார். அவர் பாடிய குரலில் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அன்று கருவி கைக்கு எட்டவில்லை. இன்று கடையில் நூறு பெட்டி இருக்கிறது, பெரியப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், பதிவு மட்டும் நடக்கவில்லை.

தேடியதில் இப்போது தெரிகிறது: பெரிங்கர் யூஎம்சி404எச்டி, ஸ்டைன்பெர்க் யூஆர்44சி போன்றவற்றில் உண்மையாகவே நாலு மைக்குக்கும் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் உண்டு. இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும், யுஎஸ்பி 2.0-இன் 500 மில்லிஆம்பியர் காணாது. இதையெல்லாம் காசைப் போட்ட பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டாம் தடவை காசு புரட்ட இன்னும் சில மாதம் ஆகும்.

விற்கிறவர்களே, மைக் வாய் எத்தனை என்று முதல் வரியில் எழுதுங்கள். ஒரு பெட்டியைப் பிரித்து மேசைமேல் வையுங்கள், கேட்டுவிட்டு வாங்குகிறோம். வீடியோ போடுகிற தம்பிமார்களே, ஒரு தடவை ஒரு மிருதங்கக்காரரை அழைத்து உட்கார வையுங்கள்.

புதுச்சேரியில் யார் வீட்டிலாவது நாலு மைக் பெட்டி சும்மா இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்து உதவுங்கள். எர்த் போட்டாகிவிட்டது. பெரியப்பா காலை வேளையில் நன்றாகப் பாடுவார்.