தலைவலி மாத்திரை மளிகைச் சரக்கா?



நம் மாவட்டத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை ஒன்று தொங்கும். "அண்ணே, தலைவலி மாத்திரை ரெண்டு" என்றால் கத்தரியால் நறுக்கிக் கொடுத்துவிடுகிறோம். சில்லறைக் கடை வைத்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் கொடுத்தேன். அது தவறு என்று இப்போது சொல்கிறேன்.

என் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஒருவர் தினமும் டீயோடு ஒரு மாத்திரை போடுவார். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. வலி மட்டும் போகவில்லை. நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "இந்த மாத்திரைதான் இப்போது தலைவலியைத் தருகிறது. முதலில் இதை நிறுத்துங்கள்" என்றார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளும், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் இந்த நிலை வருமாம். இது அபூர்வமும் அல்ல.

அபூர்வமானது வேறொன்று உண்டு. ஃபுளூ காய்ச்சலோ சின்னம்மையோ கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், சில வேளை மூளை வீங்கி ஈரலும் கெட்டுவிடும். ஓயாத வாந்தி, பிறகு மயக்கம், பிதற்றல், வலிப்பு. 1963-இல் இதை விவரித்த ஆஸ்திரேலிய மருத்துவர் ரே பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1979-80-இல் 555 குழந்தைகளுக்கு வந்தது. எச்சரிக்கை பரவி, 1986-இல் மாத்திரை அட்டையிலும் அச்சான பிறகு, ஆண்டுக்கு 36-க்கு மேல் போகவில்லை. பிரிட்டன் 1986-இல் 12 வயதுக்குட்பட்டோருக்கும், 2002-இல் 16 வயதுக்குட்பட்டோருக்கும் ஆஸ்பிரின் வேண்டாம் என்றது.

"ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராததற்கு வியாபாரத்தை விடுவதா?" என்பீர்கள். அந்த ஒரு குழந்தை எது என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாதே! நறுக்கிக் கொடுத்த துண்டில் மருந்தின் பெயரும் இருப்பதில்லை, காலாவதித் தேதியும் இருப்பதில்லை. என்ன கொடுத்தோம் என்று மருத்துவர் கேட்டால் தாய் எதைக் காட்டுவாள்?

சட்டமும் நம் பக்கம் இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணைப்படி, ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் மட்டுமே ஆஸ்பிரின், பாரசிட்டமால் போன்ற சிலவற்றை உரிமம் இல்லாமல் விற்கலாம். அதையும் உரிமம் உள்ள மொத்த வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோதான் வாங்கியிருக்க வேண்டும். ஐபுபுரூஃபென் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைத்தெருக்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

மருந்துக் கடை இல்லாத சிற்றூரில் இரவில் காய்ச்சல் வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானதே. சலுகை அவர்களுக்காகத்தான். அங்கே விற்பவர்கள் முழு அட்டையாகக் கொடுங்கள். யாருக்கு என்று கேளுங்கள். பிள்ளைக்கு என்றால் ஆஸ்பிரின் தராதீர்கள். தினமும் வாங்குபவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, 2017 முதல் இயங்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகச் சொல்லுங்கள். இருதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் யாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். அது நம் வேலை அல்ல.

மற்ற ஊர்க்காரர்கள் அட்டையை இன்றே இறக்கிவிடுங்கள். மாத்திரையில் வரும் லாபம் சில காசுகள். நம்மை நம்பித் தலைமுறையாக வரும் குடும்பம்தான் நம் முதல்.