பழைய பேய்களுக்காக ஒரு வழக்கு

பழைய ஐரோப்பியப் பேய்ப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சினிமா தெரிந்தவர்கள் எனப்படுவோர் சிரிக்கிறார்கள். அட்டைக் கோட்டை, செயற்கைப் புகை, கோரைப் பல் - இவற்றில் என்ன கலை என்பது அவர்கள் கேள்வி. "பயமே வரவில்லையே" என்பது இளைஞர்களின் முறைப்பாடு. இரு தரப்பினரும் தவறிழைக்கின்றனர் என்பதே என் வாதம்.

முதலில் பயம். திடுக்கிடுதல் வேறு, அச்சம் வேறு. காதருகே தகரத்தைத் தட்டினால் எவரும் திடுக்கிடுவர்; அதற்குக் கலை தேவையில்லை. இன்றைய பேய்ப் படங்களிற் பல அந்தத் தகரத்தையே நம்பியிருக்கின்றன. ஜேர்மனிய இயக்குநர் முர்னோவின் 'நொஸ்பெராட்டு' 1922இல் வந்த மௌனப்படம். அதிலே மாடிப்படி ஏறுவது ஒரு நிழல் மட்டுமே. நூறாண்டு கடந்தும் அந்த நிழல் பார்த்தவர் மனத்தைவிட்டு இறங்குவதில்லை.

அடுத்தது, மலிவு என்ற குற்றச்சாட்டு. பணம் குறைவாக இருந்தது உண்மை. மூளை குறைவாக இருக்கவில்லை. 1957இல் வெளியான 'இ வம்பீரி' என்ற இத்தாலியப் படத்தில், அழகி ஒருத்தி நம் கண்ணெதிரே கிழவியாகிறாள். ஒளிப்பதிவாளர் மரியோ பாவா செய்தது இவ்வளவுதான்: முகச் சுருக்கங்களை வண்ண ஒப்பனையால் வரைந்தார், பின்னர் ஒளியின் நிறத்தை மாற்றினார். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில், மறைந்திருந்த கோடுகள் தாமாகவே எழுந்து வந்தன.

மூன்றாவதே முக்கியமானது. இப்படங்களில் அரக்கன் யார்? பெரும்பாலும் வழிப்போக்கனல்லன், கோட்டையிலிருக்கும் பிரபு. செத்த பின்னரும் குடிமக்களிடம் இரத்தத்தை வரியாக அறவிடுபவன். பிரெஞ்சு இயக்குநர் பிரான்ஜு 1960இல் தந்த 'முகமற்ற கண்கள்' படத்தில், அவன் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணன். தன் மகளின் சிதைந்த முகத்தைச் சீராக்க, பிற பெண்களின் முகங்களை உரித்தெடுக்கிறான். ஊர் வணங்கும் பெரிய மனிதரின் நிலவறையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிவு, எத்தனை 'தரமான' படங்களுக்கு இருந்தது?

குறையே இல்லையென்று சொல்லவில்லை. பிரித்தானியாவின் ஹாமர் நிறுவனம் 1958இல் 'டிராகுலா' வென்ற பின்னர் எடுத்த தொடர்ச்சிகளிற் பல சலிப்பூட்டுபவை. பெண்களை அலங்காரப் பொருளாக்கியவை. ஆயினும், சோடையான கதிர்களுக்காக வயலையே கொளுத்துவதா?

'நொஸ்பெராட்டு' தன் கணவரின் நாவலை அனுமதியின்றித் தழுவியதென்று பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். நியாயம் அவர் பக்கமே இருந்தது. 1925இல் பிரதிகளை அழிக்குமாறு ஜேர்மனிய நீதிமன்றம் கட்டளையிட்டது. எஞ்சிய பிரதிகளாலேயே அப்படம் பிழைத்தது. இன்று ஒரு படத்தை அழிக்க நீதிமன்றம் வேண்டியதில்லை, ஏளனம் போதும். பார்ப்பாரில்லாத படத்தைப் பணம் செலவிட்டுப் பாதுகாக்க எவர் முன்வருவார்?

சிரிப்பவர்கள் ஓரிரவு விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு, அந்தப் படியேறும் நிழலைப் பார்க்கட்டும். பிறகு வாதிடுவோம்.